தண்ணீர் சேர்த்து

ஹூய் லெங்கின் கடைக்கு
அரிசி வாங்க இப்போது யாரும் வருவதில்லை.
தெருமுனையில் குளிர்சாதனத்தோடு புதுக்கடை வந்து
பதினான்கு மாதம்.
அங்கே முட்டைக்கு மூன்று காசு குறைவு.
அந்த மூன்று காசுக்குள் விழுந்துவிட்டது
ஜெலுத்தோங்கில் பாதி.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தக்கைப் பலகை.
வாடகைக்கு அறை, கணக்கு டியூஷன், காணாமல்போன பூனை.
தாளுக்கு வாரம் இரண்டு வெள்ளி.
ஐஸ்பெட்டிக்குக் கரண்ட் இந்தப் பலகையிலிருந்துதான் வருகிறது
என்பாள், சிரிக்காமல்.

தாள்களில் அதிகம் சீனம்.
அவளுக்கு ஹொக்கியன் பேசத்தான் வரும்,
எழுத்து தெரியாது. படித்தது மலாய்ப் பள்ளியில்.
என்னைப் போட்டது சீனப் பள்ளியில்.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை,
சாலையைக் கடக்க வேண்டியதில்லை.
விடியுமுன் லாரிக்குப் போய்விடும் அப்பாவுக்கு
அது போதுமாக இருந்தது.

அதனால்தான்
வேலை முடிந்து நான் வரும் ஆறரை மணிக்கு
தமிழச்சி வாசிக்க
சீனச்சி கேட்டுக்கொண்டிருப்பாள்.
'கோமா, இதில் என்ன போட்டிருக்கு?'
கோமளவல்லியில் அவள் வாயில் நுழைந்தது அவ்வளவுதான்.
மலாயில் அதற்குக் காற்புள்ளி என்று பொருள்.

வாசிப்பேன்.
அறை. மின்விசிறி. தண்ணீர் சேர்த்து. முன்னூற்றைம்பது.
கடைசி வரியில் நான்கே எழுத்து:
இந்தியர் கேட்க வேண்டாம்.
அதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.
எத்தனை தாள், எத்தனை மாதம்,
கணக்கு வைக்கவில்லை.

வாசித்தால் கழற்றிவிடுவாள்,
கழற்றினால் ஐஸ்பெட்டி நின்றுவிடும்,
அதற்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில்
என் வாயால் அதைச் சொல்ல
எனக்குக் கூச்சமாக இருந்தது.
எழுதியவனுக்கு இல்லாத கூச்சம்.

போன செவ்வாய்க்கிழமை
ஈப்போவிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்
போன் நம்பரைக் குறித்துக்கொண்டே
அந்த நான்கு எழுத்தையும் உரக்கப் படித்துவிட்டாள்.

நான் போனபோது
பலகையில் ஏழு இடத்தில் மட்டும்
தக்கை புதிதாக இருந்தது.
தாள்கள் குப்பையில். குண்டூசிகள் மைலோ டின்னில்.

'எத்தனை நாளாகத் தெரியும் உனக்கு?'
'ரொம்ப நாளாக.'
'தெரிந்தும் தினமும் இதற்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தாயா?'
'வாரம் பதினான்கு வெள்ளி, பைத்தியமே.
யார் கழற்றச் சொன்னது?'

கத்திக்கொண்டோம்.
நாசி லெமாக் விற்கும் ஷாருல்
மோட்டார் சைக்கிளை அணைக்காமலே
இரண்டு பாக்கெட் ஐஸ் கேட்டான்.
'ஹபிஸ்!' என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.
தீரவில்லை. பெட்டி நிறைய ஐஸ் இருந்தது.
அவன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு
புதுக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

பிறகு அவள்
காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.
'ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். உன்னுடையது.'

மூலையில் என் கையெழுத்து.
எங்கள் பிளாட்டின் பின்னறைக்காக
ஜனவரியில் நானே எழுதிக் குத்தியது.
காசு வாங்க மாட்டேன் என்று அவள் சண்டை பிடித்த தாள்.
'தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்'
என்று முடிகிறது, அடிக்கோட்டோடு.
சமையல், சாமி மாடம் என்று
ஏதோ காரணம் இருந்தது அப்போது.

அவள் அந்த வளைவுகளைப் பார்த்தாள்,
அழகான எழுத்து என்றாள்.
'இதில் என்ன போட்டிருக்கு, கோமா?'

ஐஸ்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

'அறை,' என்றேன்.
'மின்விசிறி.
தண்ணீர் சேர்த்து,