தன்மை ஒருமை

கடவுச்சீட்டில் இசக்கியம்மாள்.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எசக்கியம்மாள்.
இருவரும் ஒருத்திதான் என்று
பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து
நோட்டரி ஒருவர் முத்திரை குத்தினார்.
முன்னூறு ரூபாய்.
என்னை நான்தான் என்று
இவ்வளவு மலிவாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
சு. என்று ஒற்றையெழுத்தாய் முன்னால் நின்ற அப்பா
சுடலைமுத்து என்று முழுசாகப்
பின்னால் வந்து உட்கார்ந்தார்.

வண்ணாரப்பேட்டையில், மாடியில், ஓர் ஆலோசகர்.
'ரெடிமேடாவே இருக்கு தாயி.
மெக்கானிக்கல் பதினெட்டாயிரம்.
சிவில்னா கொஞ்சம் கொறையும்.'
அவர் கோப்பில் ஒரே கொதிகலனை
அறுபது பேர் பழுதுபார்த்திருந்தார்கள்.
பாவம் அந்தக் கொதிகலன்.
'வேண்டாம் அண்ணாச்சி,
எனக்குச் செஞ்ச வேலை இருக்கு' என்று இறங்கினேன்.

செய்த வேலை இருந்தது.
சொல்லத்தான் வகையில்லை.
நான் என்ன கணக்கிட்டேன்
நான் என்ன முடிவெடுத்தேன்
என்று மட்டும் எழுத வேண்டும், மூன்று அத்தியாயம்.
'நாங்கள்' என்று வந்த வரி கணக்கில் வராது.

நமக்கு நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே,
நாங்கள் என்றால் அவர் வெளியே.
இரண்டு கதவையும் சாத்திவிட்டு
நான் என்கிற சன்னல் வழியாக
ஏறி வரச் சொல்கிறார்கள்.

முதல் அத்தியாயம்.
பணகுடி, காற்றாலை எண் நாற்பத்தேழு.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ளிருந்து
ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு வந்த வாரம்.
கியர்பெட்டியில் ஏதோ முனகல்.
காற்று சற்றே தணிந்த ஒரு விடிகாலை
ஐம்பது மீட்டர் ஏணி ஏறிப் போனோம்.
(போனோம். இதை அடிக்க வேண்டும்.)
இறக்கையை மெல்லச் சுழலவிட்டு
திருப்புளி முனையை உறையில் வைத்து
பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் ஊன்றி
கண்மூடி நின்றவன்
ஏர்வாடி காஜா மைதீன். ஐடிஐ. ஃபிட்டர்.
'பல்லு இல்ல மேடம். பின் பேரிங்கு.
உள்வளையம்.'

நான் அதிர்வுமானி வைத்தேன்.
அலைவெண் பிரித்தேன். வரைபடம் போட்டேன்.
மறுநாள் சாயங்காலம், நாலேகாலுக்கு,
உள்வளையம்.

'பழுது உள்வளையத்தில் என்று நான் கண்டறிந்தேன்.'
எழுதிவிட்டேன்.
பொய்யில்லை.
ஒரு நாள் பிந்திய உண்மை.

அதே மாதம் அவனுக்கும் பரீட்சை வந்தது,
ஓமான் வேலைக்கு, வள்ளியூரில் ஒரு தகர ஷெட்டில்.
கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தார்களாம்.
ஒரு அரம். முக்கால் மணி நேரம்.
நாலு பக்கமும் சதுரமாய் ராவணும்.
மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்
இடுக்கில் ஒளி கசியக் கூடாது.
கசியவில்லை.
யார் ராவியது என்று எவரும் கேட்கவில்லை.
மூணாவது வாரம் விசா.
எனக்கு அப்போது ஆறாவது மாதம்,
இரண்டாவது அத்தியாயம்.

வழியனுப்பப் போனபோது சொன்னேன்:
'ஒன் வேலைய எம் பேர்ல எழுதிட்டேன், மைதீன்.'
பெட்டிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டே சிரித்தான்.
'எழுதுங்க மேடம், அதுக்கென்ன.
ஆனா நாப்பத்தேழுக்கு மட்டும் இல்ல,
அந்த வரிசை பூராவுக்குமே
கிரீஸ் மாத்துற நாள் தப்புன்னு கணக்குப் போட்டு
மேனேஜர்ட்ட சண்ட போட்டீங்களே,
அதப் போட்டீங்களா?'

போடவில்லை.
மறந்தே போயிருந்தது.

அன்றிரவு சேர்த்தேன்.
மூன்று அத்தியாயத்திலும்
கூசாமல் உட்கார்ந்த ஒரே நான்
அவன் எடுத்துக் கொடுத்தது.

பங்குனியில் பதில் வந்தது.
'அன்புள்ள சுடலைமுத்து,
உங்கள் தகுதி
இயந்திரப் பொறியாளர் தகுதிக்கு
இணையென மதிப்பிடப்பட்டுள்ளது.'

நயினார்குளம் மார்க்கெட்டில்
முப்பது வருசமாய் மூட்டைக்கு எடை எழுதுகிற அப்பா
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
முதல் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.
'எனக்கா போட்டிருக்கான்?'
'ஆமாப்பா.'
'சரி.
சம்பளம் எவ்வளவாம்?'