முன்னூறு விநாடி

வில்லிவாக்கம். மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டைமாடி.
சின்டெக்ஸ் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
முக்காலி நிற்க மட்டும் இடம்.
அக்னி நட்சத்திரம் ஆறாம் நாள்;
நள்ளிரவிலும் தளம் சுடுகிறது.
கேமராவின் முதுகில்
துண்டு சுற்றிய ஐஸ் பை.

ஏபெல் முப்பத்தொன்பது.
பழைய தொலைநோக்கிகளில் உருண்டையாய்த் தெரிந்ததால்
இந்த வகை முழுவதையும் கோள் என்றார்கள்.
அது வெறும் கோள்.
ஒரு விண்மீன் ஊதிவிட்டு ஓய்ந்த குமிழி,
பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில்
பெயரில்லாத நிறம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை.
வடிகட்டியைப் போட்டு
ஒரு படத்துக்கு முன்னூறு விநாடி திறந்து வைக்க வேண்டும்.
முதல் படத்தில் சென்னை.
இரண்டாவதிலும் சென்னை.
ஏழாவதில், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம்
குறுக்கே கோடு கிழித்தது.
நாற்பத்தொன்றைச் சேர்த்தால்
வளையம் என்று சொல்லலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்.

பகலில் அயனாவரத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
‘மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.
விடலாம்.’
ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு.
சளி, பழைய டி.பி. தழும்பு,
ஒருமுறை, விழுங்கிய ஐந்து ரூபாய்.

ஒன்று பத்துக்குக் கரண்ட் போனது.
தெரு மட்டுமல்ல, பாடி வரைக்கும்.
ஊரே ஈ.பி.யைத் திட்டிக்கொண்டு எழுந்தபோது
நான் சிரித்துவிட்டேன்.
இந்த மாடியில் ஒருநாளும் கிடைக்காத இருட்டு,
என் பேட்டரிப் பெட்டியில் எண்பது சதவீதம்.
புதிய படம் ஒன்றைத் திறந்தேன்.

படிக்கட்டில் முபீனாவின் குரல்:
‘அந்த பேட்டரி மேல இருக்கா?
நெபுலைசர் நின்னுடுச்சு.’

ஒரு கணம்,
இதை எழுதித்தான் ஆக வேண்டும்,
ஒரு கணம் எண்ணைப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பது விநாடி பாக்கி.
பிறகுதான் பிடுங்கினேன்.

ஜுனைதுக்கு நான்கு வயது.
செல்போன் வெளிச்சத்தில்
விலா இடுக்குகள் உள்ளே போய்ப் போய் வந்தன.
முகமூடிக்குள் மருந்துப் பனி
நிறைந்தது, குறைந்தது, நிறைந்தது.
யாரும் பேசவில்லை.
மோட்டார் மட்டும் கடகடத்தது.
மருந்து தீர்ந்து கிண்ணம் துப்பத் தொடங்கியபோது
ஃபேன் சுற்றியது. தெருவில் விசில்.

மேலே போனேன்.
மவுண்ட் நின்றிருந்தது; வானம் நிற்கவில்லை.
கேமரா தன் சொந்த பேட்டரியில் திறந்தே இருந்து
படத்தை முடித்திருந்தது:
ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளி,
பின்னால் ஒரு வால்.
குமிழி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு,
சென்னை கலக்காத கறுப்பு.

மற்றவற்றோடு அதைச் சேர்க்க முடியாது.
அழிக்கவும் இல்லை.

காலையில் முதல் ஆள், ஐ.சி.எஃப் வெல்டர்.
‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றேன்.
அடுத்ததைச் சொல்லாமல்
திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது.
அவர்தான் கேட்டார்,
வாயைத் திறக்காமல்:
‘ம்?’