வெளியே நின்று பார்க்க இலவசம்

அபுதாஹிர் காரைக்குடியில் வந்து இறங்கியது
மே மாதம், பன்னிரண்டாம் நோன்பு.
காலை ஒன்பது மணிக்கே
தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.

"ஊரைச் சுத்திக் காட்டு வயிரவா,
காசு செலவில்லாம."

தேராவில் எட்டுப் பேர் அறையில்
ஆறு வருஷம்
என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவன்.
அவன் புரண்டால் என் முகத்தில் துரு உதிரும்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கண்ட துபாய் இவ்வளவுதான்:
ஒரு திர்ஹம் படகில் அக்கரை,
இன்னொரு திர்ஹத்தில் இக்கரை.
மாலுக்குள் அந்தப் பெரிய மீன்தொட்டியை
டிக்கெட் இல்லாத பக்கமிருந்து பார்ப்போம்.
எந்தப் பக்கம் நின்றாலும் சுறா சுறாதான்.
வெயில் தாங்காவிட்டால்
ஏசி வைத்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து
வருகிற பஸ்ஸையெல்லாம் போகவிடுவோம்.
ஊரிலேயே உயரமான கோபுரத்தின் கீழே நின்று
அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் சொன்னான்,
"மேலே போனா எனக்குத் தலை சுத்தும்."
"எனக்கும்" என்றேன்.
அந்த மாதம் இருவரும்
இருபதாவது மாடிச் சாரத்தில்
கம்பி கட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது என் பழைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து
கானாடுகாத்தான் பார்க்கிறான்.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
"ஒரு வீட்டைச் சுத்தவே
அரை லிட்டர் பெட்ரோல் ஆகும்போலயே."
மாடியில் சுதைப் பொம்மைகள்
துப்பாக்கியும் தொப்பியுமாக
எங்களைப் போலவே வெயிலில் நின்றன.

ஒரு வீட்டு வாசலில் பலகை:
உள்ளே பார்க்க ஆளுக்கு நூறு.
"ரிப்பேர் வேலை நடக்குது,
இன்னைக்கு விடமாட்டாங்க" என்றேன்.
அவன் பலகையைப் படித்தான்.
கதவிடுக்கில் தெரிந்த
பர்மாத் தேக்குத் தூணை, ஒன்றே ஒன்றை,
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நல்லதாப் போச்சு,
உள்ளே போனா எனக்குத் தலை சுத்தும்."

ஆத்தங்குடியில் கல் காயவைத்த கொட்டகைக்குப் பின்னால் போய்
குனிந்து பாட்டிலைத் திறந்தேன்.
அங்கே பிடித்த பழக்கம்.
நோன்பு மாதம் பகலில்
சிமெண்ட் லாரி மறைவில் நான் குடிக்க,
வறண்ட உதட்டோடு
காவல் நின்றவன் இவன்தான்.
இங்கே யார் பிடிக்கப்போகிறார்கள்?
ஆனாலும் கொட்டகைக்கு முன்னாலிருந்து
குரல் வந்தது:
"யாரும் வரலை, குடிடா."

மூன்று மணி வெயிலுக்குக் காரைக்குடி திரும்பினோம்.
ஏசி பஸ் ஸ்டாப் இல்லாத ஊரில்
ஏடிஎம் இருக்கிறது.
செக்காலை ரோட்டில் ஒன்று,
கல்லுக்கட்டியில் ஒன்று,
பெரியார் சிலைப் பக்கம் ஒன்று.
காவலாளி முறைத்தால்
கார்டைச் செருகி இருப்பு பார்ப்பேன்.
மூன்று இயந்திரமும் ஒத்துக்கொண்டன:
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன் என்று
போனில் அவனிடம் சொல்லியிருந்தேன்.
கடைசிச் சீட்டு வெளியே வந்தபோது
அவன் கை முந்திக்கொண்டது.
பார்த்தான். நாலாக மடித்தான்.
அதைக்கொண்டே விசிறிக்கொண்டு
"துபாய் குளிரே பரவாயில்லை,
இங்கே நடுங்குது" என்றான்.

ஆறரைக்குப் பள்ளிவாசல்.
அண்டாவில் கஞ்சி,
வெந்தயமும் இஞ்சியும் தெருமுனை வரை மணந்தது.
நான் வண்டியோடு வெளியே நின்றேன்,
வெளியே நிற்பது நமக்கு வராததா.

"கஞ்சிக்கெல்லாம் தலை சுத்தாது, உள்ளே வா."

பாயில் எனக்கும் இடம் விட்டார்கள்.
பாங்கு சொன்னதும்
அவன் கையிலிருந்த பேரீச்சம்பழம்
என் பக்கம் நீண்டது.
"முதல்ல நீ சாப்பிடு. நான் இன்னைக்கு
ஏழு தடவை தண்ணி குடிச்சவன்."

"எட்டு" என்றான்.