நூற்றிருபது கிராம்

பதினேழு வருடம்
காலிஃபிளவர் எனக்குத் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு.
நூற்றிருபது கிராம். உப்பில்லை, எண்ணெய் இல்லை.
வெந்த வாடை திரைச்சீலையில் ஏறும்,
துவைத்தாலும் இறங்காது.

திங்களும் வியாழனும் பிரொக்கோலி.
வெள்ளரிக்காய் எத்தனை வேண்டுமானாலும்,
அதில் ஒன்றும் இல்லை என்பதால்.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
அத்தனை காலமும் மென்றுகொண்டிருந்தேன்.

பல் கட்டும் கூடத்தில் எனக்கு வேலை.
யார் யாரோ கடிப்பதற்கு
பீங்கானில் பல் வார்த்து, நிறம் பார்த்து அனுப்புகிறேன்.
அவை எங்கெங்கோ போய்
ஆட்டுக்கறி கடிக்கும், வால்நட் உடைக்கும்.
மதியம் நான் டப்பாவைத் திறந்தால்
எதிர்மேசை த்ஸ்வெதான்
முகத்தைத் திருப்பிக்கொள்வான்,
அழுகிறவளைப் பார்த்துவிட்டவன்போல.

நாக்கு செத்துப்போச்சு என்பார்கள்.
என்னுடையது சாகவில்லை.
மூச்சை அடக்கிப் படுத்திருந்தது.

போன ஆகஸ்ட் கடைசியில்
சமையல் தராசு கண்ணை மூடியது.
வட்ட பேட்டரி வாங்கத்தான் படி இறங்கினேன்.

ப்ளொவ்திவ் நகரத்துக்குச் செப்டம்பர்
நாள்காட்டி வழியாக வருவதில்லை.
மூக்கு வழியாக வரும்.
பால்கனிக்குப் பால்கனி சுஷ்கோபெக்,
குட்டிப் பீப்பாய் மாதிரி ஒரு மின்னடுப்பு.
காரமில்லாத நீளச் சிவப்பு மிளகாயை
அதற்குள் தலைகீழாய் இறக்கி மூடினால்
தோல் கருகும், தெரு முழுக்க இனிக்கும்.
பதினாறு செப்டம்பரும்
நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

கீழே முற்றத்தில் மில்கோ,
இரண்டாம் மாடிக்காரன்,
முப்பது கிலோ மூட்டையோடு தனியாக.
மனைவிக்கு இரவு ஷிப்ட்டாம்.
"கை சும்மாதானே இருக்கு? உரிங்க."

உரித்தேன்.
சூட்டில் விரல் நுனி சிவந்தது.
கருந்தோல் ஈரத் துணிபோல் வழுக்கிக் கழன்றது.
உள்ளே இருந்ததை என்னவென்று சொல்ல?
சதை. வெட்கமில்லாத சிவப்புச் சதை.
சாறு மணிக்கட்டுவரை ஓடியது.
யோசிக்காமல் நக்கிவிட்டேன்.

எத்தனை கிராம் இருக்கும் அந்த ஒரு நக்கல்?
பேட்டரி கேட்காத தராசு ஒன்று
தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது எனக்கு.

மில்கோ பூண்டு தட்டினான்.
உப்பு தூவினான்.
சூரியகாந்தி எண்ணெயை
பாட்டிலைப் பார்க்காமலே ஊற்றினான்,
வேறெங்கோ பார்த்து, ஃபுட்பால் பேசிக்கொண்டே.
போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் கையில் ரொட்டி.

எத்தனை மிளகாய் தின்றேன் என்று
இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் பயம்.
அன்றிரவு மூன்று மணிக்கு
குளியலறைத் தராசில் ஏறி நின்றேன்,
வெறுங்காலோடு, விளக்குப் போடாமல்.
எண் தெரியவில்லை.
விளக்கைப் போடவில்லை.
கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.
விரலில் இன்னும் புகை மணந்தது.

அக்டோபரில் காலிஃபிளவரை மறுபடி வாங்கினேன்.
எண்ணெய் தடவி அவனில் போட்டு
மறந்தே போனேன்.
ஓரமெல்லாம் கருகி வந்தது, பாதாம் வாசனையோடு.
பதினேழு வருடப் பழக்கம்,
உனக்கு இப்படி ஒரு குரல் இருப்பதாக
ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?
அது சொல்லியிருக்கும்.
நான்தான் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம்
த்ஸ்வெதானின் முள்கரண்டி
அனுமதி கேட்காமல் என் டப்பாவுக்குள் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.
சில செவ்வாய்க்கிழமைகளில்
ஒரு தக்காளியைப் பார்த்தே பயந்துபோகிறேன்.
பிரொக்கோலியோடு பேச்சுவார்த்தை இல்லை.
வாங்கிய பேட்டரி
அட்டை பிரிக்காமல் இழுப்பறையில் கிடக்கிறது,
தூக்கிப்போட இன்னும் மனம் வரவில்லை.

இன்று ஜனவரி. சந்தையில் லீக்ஸ்,
ஒவ்வொன்றும் என் கையைவிட நீளம்.
ஆலிவ் போட்டு வதக்கலாம் என்றிருக்கிறேன்.
பைக்கு வெளியே வாள்போல் நீட்டிக்கொண்டு வந்து
பேருந்தில் ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டது.
ஒரு கிலோ எழுநூறு என்றாள் கடைக்காரி.
காசுக்காகத்தான் சொன்னாள்.