ஒலிக்கும் நேரம்

புந்தா அரேனாஸில்
நண்டு உறையவைக்கும் கம்பெனி ஒன்றில்
நான்கு செம்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு
எட்டுத் தடமுள்ள ட்ரங்க் போட
என்னை அனுப்பியிருந்தார்கள்.
எங்கள் பேச்சில் ட்ரங்குக்கு அடிமரம் என்று பெயர்.
இந்த ஊர்க் காற்று
எந்த அடிமரத்தையும் நிமிர விட்டதில்லை.

முதல் நாள் முழுக்கப் பதிவாகவில்லை.
முகவரி சரி, பயனர் பெயர் சரி,
திரையில் அதே சிவப்பு.
பிறகுதான் பார்த்தேன்
கடவுச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது
ஓர் இடைவெளி.
வெற்றிடத்துக்கும் ஓர் எழுத்தின் எடை உண்டு என்று
கணக்காளர் கிரிசெல்தாவிடம் சொன்னேன்.
"பில்லில் அதைச் சேர்க்காதே" என்றாள்.

வெளியே போகும் அழைப்புக்கு விதி எழுதுமுன்
பழைய பெட்டியின் பதிவேட்டைப் புரட்டினேன்,
ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பார்க்க.
சாந்தியாகோ, சாந்தியாகோ, துறைமுகம், பீட்சா,
ஷாங்காய் ஒருமுறை, தவறான எண்.
அதற்கடியில்
நீட்டிப்பு முப்பத்தொன்று.
இரவு பத்து நான்கு.
புவெர்த்தோ நத்தாலெஸில் ஒரு வீட்டு எண்.
நான்கு நொடி.
மறுநாள் பத்து ஏழு. ஐந்து நொடி.
ஞாயிறு தவிர எல்லா இரவும்,
பதிவேட்டுக்கு நினைவிருக்கிற
பதினான்கு மாதமும்.

நான்கு நொடியில் என்ன பேச முடியும்?
எதிர்முனை "அலோ" சொல்லும்.
இன்னொரு முறை "அலோ" சொல்லும்.
அவ்வளவுதான் கொள்ளும்.

இங்கிருந்த செம்புக் கம்பி
யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.
ட்ரங்க் அப்படியல்ல,
வாசலிலேயே உன் எண் என்ன என்று கேட்கும்.
கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கம்பெனி எண் போகும்,
நிரப்பினால் அவரவர் எண்.
வேலை உத்தரவில் 'அவரவர் எண்' என்றிருந்தது.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தொன்றா?"
கிரிசெல்தா தலை தூக்கவில்லை.
"குளிர் அறை இரண்டு. ராத்திரிக் காவல்.
எலெயுதேரியோ மான்சில்யா."

காதை மூடிய குல்லாவோடு
வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வேறெதுவும் சொல்ல எனக்கு உரிமையில்லை.
"திங்கள் முதல் நீங்கள் கூப்பிட்டால்
அங்கே எண் தெரியும்."

கையுறையைக் கழற்றினார்.
மறுபடி போட்டுக்கொண்டார்.
கம்ப்ரஸர் ஒருமுறை ஓடி நின்றது.
"எந்த எண்?"
"நான் எழுதுவதுதான். மறைக்கவும் முடியும்."
பெட்டிகளை எண்ணுகிறவர்போல் சுவரைப் பார்த்தார்.
"என்னுடையதைப் போடு."

முப்பத்தொன்றுக்கு ஒரு நேரடி எண் கொடுத்தேன்.

திங்கள் இரவு
வீட்டிலிருந்தே கணினியில் பார்த்தேன்.
எட்டுத் தடமும் பச்சை.
பத்து நான்கு. பத்து ஏழு. பத்தரை.
பச்சை.
செவ்வாயும் அப்படியே.
யாரும் பழுது என்று புகார் தராத ஒன்றை
நான் சரிசெய்து கெடுத்துவிட்டேன்போல.
அந்தக் கட்டத்தைக் காலியாக்கிவிடலாமா என்று
கை போனது, திரும்பி வந்தது.
அடுப்பில் சூப் அடிப்பிடித்தது.

புதன், பத்து பத்தொன்பது.
முதல் தடம் மஞ்சள்.
உள்ளே வருகிறது.
நத்தாலெஸ்.
முப்பத்தொன்றுக்கு.

ஒலிக்கிறது
ஒலிக்கிறது
இருபது நொடி.
நான் எழுதிய விதிப்படி
அங்கே அறுந்தது.

பத்தேகாலுக்கு அவர் உள்ளே இருப்பார்,
வெப்பமானி முன்னால்.
அந்தக் கதவிலிருந்து தொலைபேசி மேசைக்கு
எழுபத்து நான்கு அடி.
பூட்ஸ் வழுக்கியதால் அன்று எண்ணித்தான் நடந்தேன்.
எனக்கு முழங்கால் வலி கிடையாது,
அவர் ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார்.

இருபதை அழித்துத் தொண்ணூறு என்று எழுதினேன்.
மணியை உச்சத்துக்கு ஏற்றினேன்.
மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
'தரை வழுக்கும்'
என்று போட்டுச்
சேமித்தேன்.