மண் தெரியணும்

முப்பது வருஷமாக அது பொது இடம் என்பதற்கு
ஆதாரம் கேட்டார்கள் தாலுகா ஆபீசில்.
லேஅவுட் வரைபடத்தில் 'பூங்கா' என்றிருந்த மூலையை
அந்த மூலையை மட்டும்
கரையான் தின்றிருந்தது.

வேணி நகரே ஆல்பம் ஆல்பமாக
என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது.

மாலை போட்டு நிற்கும்
ரவூஃப் பாயின் முதல் மொபெட்.
எழிலரசி டீச்சரின் வளைகாப்புப் பந்தல்.
தானே புயலுக்கு மறுநாள்
வேரோடு சாய்ந்த தூங்குமூஞ்சி மேல்
ஏறி நின்று இளிக்கும் ஆறு பையன்கள்.
கெடிலம் ஊருக்குள் புகுந்த வருஷம்
முழங்கால் தண்ணீரில் ஒரு கட்டில், அதில் மூன்று ஆடு.

எந்தப் படத்திலும் திடல் நடுவில் இல்லை.
யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்,
சைக்கிள் கம்பிகளுக்கு இடையே,
மங்கலாக.
காப்பி எடுத்தால் கறையாகத்தான் விழுந்தது.
சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.
முப்பத்தொன்பது வட்டம்.

சாக்கடைத் தகராறில்
ஒன்பது வருஷமாக முகம் பார்க்காதவர்கள்
சம்பந்தமும் பவுன்ராஜும்.
சம்பந்தத்தின் மகள் ஊஞ்சலாடும் படத்தில்
தள்ளிவிடும் கை மட்டும் விழுந்திருக்கிறது.
'அந்த வாட்ச் உன்னுதா?'
'ம்.'
அவ்வளவுதான் பேச்சு.
கையெழுத்துப் போட ஒருவர் பேனாவை மற்றவர் வாங்கிக்கொண்டார்.

நான் ஆல்பம் தேடவில்லை.
காலி டோனர் டப்பாக்களை
ராத்திரியில் அங்கேதான் கொட்டிவந்தேன்.
மனுவில் ஏழாவது பெயர் என்னுடையது.

மனுவுக்கு எண் விழுந்த வியாழக்கிழமையே
ஜேசிபியும் வந்துவிட்டது.
அவரவர் வீட்டுச் சேரைத் தூக்கிவந்து
குறுக்கே போட்டு உட்கார்ந்தோம்.
பதினொரு மணி வரை உறுமிவிட்டு
டிரைவர் பையன், திட்டக்குடிக்காரன்,
எஞ்சினை அணைத்தான்.
சோற்றுத் தூக்கைத் திறக்க நிழல் வேண்டும்.
நிழல் எங்கள் பக்கம்தான் இருந்தது.
டீச்சர் தன் சேரைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

குணவதி அக்கா போனை உயர்த்தினாள்.
தலைமுடி ஒதுக்கி, சட்டை இழுத்து,
பழக்க தோஷத்தில் எல்லோரும் வரிசையானோம்.
'அட, நீங்க இல்ல.
தள்ளுங்க எல்லாரும், மண் தெரியணும்.'

தள்ளி நின்றோம்.
புல்கூட ஒழுங்காக இல்லை.
ஒரு பக்கம் என் டப்பாக்கள் மின்னின.

எடுத்தாயிற்று என்றாள்.
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டோம்,
சேர் மாறி.