ஏழாவது துரவு

வண்டிச்சோலையில் ஏழு வால்வும் என் கையில்.
மார்ச் வந்தால் வாரம் ஒருமுறை தண்ணீர்.

ஞாயிறு ஆராதனையில் பெயெர்செபா வந்தது:
ஆபிரகாம் தோண்டிய துரவு,
அபிமெலேக்கின் ஆட்கள் பறித்தது,
ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளை நிறுத்தி
ஆணையிட்டது.
ஏழுக்கும் ஆணைக்கும் அங்கே ஒரே வேராம்.

அதே ஊரில் பிறகு
சாமுவேலின் பிள்ளைகள்
நியாயாதிபதிகளாய் உட்கார்ந்து பரிதானம் வாங்கினார்கள்.
அதைப் பாதிரியார் வாசிக்கவில்லை, நானே தேடினேன்.

கிணற்றுக்காகவே குதிரைப்படை ஊரைப் பிடித்ததாம்,
வெலிங்டன் ஹவில்தார் ஒருவர் சொன்னது.

வெளியே மூடுபனி. காலர்வரை ஈரம்.
குழாயில் காற்றுதான் சீறுகிறது.

ஆபிரகாம் அங்கே தோப்பு வைத்தார்.
இங்கேயும் வைத்தார்கள், கற்பூர மரம்.
ஊற்றை அது குடித்துவிட்டது.

நேற்று மேல்தெரு ஞானாபரணம்
என் பையில் ஐந்நூறைச் செருகினார்.
செலவழிக்கவில்லை.
திருப்பியும் தரவில்லை.
நாலாவது வால்வுச் சாவி கனக்கிறது.